உன் அம்மாவுக்கு வந்த கைதட்டல்

தம்பி, இங்கே எல்லாரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிப்பதுதான் முறை. இந்த முறை அப்படி ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. உன் அம்மா ஒன்பது நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். சோறு போட்டாள், வெந்நீர் வைத்தாள், என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், ஆனால் பேசவில்லை. முந்தாநாள்தான் பேசினாள். நோய்நொடி எதுவும் இல்லை, நீ பயப்படாதே. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, இருவரும் ஒன்றாகத்தான் சென்னைக்கு வருவோம். அதற்கு முன் நடந்ததை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இது என்னைப் பற்றிய நல்ல சேதி அல்ல.

உன் போன கடிதத்தில், நீ கட்டிக்கொள்ளப்போகிற கமலாவின் பிரசங்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். உங்கள் கணித சங்கத்தில் அவள் பொதுமக்களுக்காகப் பேசினாள், மண்டபம் நிரம்பிவிட்டது, வெளியே ஜன்னல் ஓரம்கூட ஆட்கள் நின்றார்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில், 'வந்தவர்களில் பாதிப்பேருக்குக் கணிதம் தெரியாது என்பது வேறு விஷயம்' என்று எழுதியிருந்தாய். அதற்கு முந்தின வாரம் உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ பேசியபோது பதினோரு பேர் வந்திருந்ததாகவும், பதினோரு பேரும் விஷயம் தெரிந்தவர்கள் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த 'வேறு விஷயம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது என் சொல். பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் உன் அம்மாவைப் பற்றி இதே போடி பஜாரில் நின்று சொன்ன சொல்.

உனக்கு அப்போது ஏழு வயது, நினைவிருக்காது. நான் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஏலக்காய் வியாபாரி ஞானமுத்து வாசகசாலைக்குக் காரியதரிசி. அவருடைய சரக்குக் கிட்டங்கிக்கு மேல்மாடியில்தான் வாசகசாலை ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஜனங்களுக்கு ஏதாவது நல்ல விஷயம் சொல்லுங்கள் என்று அவர் கேட்க, நான் கணிதப் பிரசங்கம் ஆரம்பித்தேன். பகா எண்கள், கிரகங்கள் ஓடும் பாதை, முடிவில்லாமை என்றெல்லாம் பேசினேன். முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள். ஆறாவது வாரம் ஏழு பேர். அதில் இருவர் காற்றுக்காக வந்தவர்கள், ஹாலில் ஜன்னல் பெரிது. நான் மனம் தளரவில்லை. உயர்ந்த விஷயத்துக்குக் கூட்டம் சேராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு பிரசங்கத்தையும் சனிக்கிழமை வீட்டில் உன் அம்மாவை எதிரே உட்காரவைத்துச் சொல்லிப் பார்ப்பேன். பண்ணைப்புரத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பெண், எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். அவளுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்பது என் கணக்கு. அவள் கேட்கிற கேள்விகளை நான் பாதிநேரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு யோசித்தால், என் பிரசங்கத்தில் இருந்ததைவிட அவள் கேள்வியில்தான் சரக்கு இருந்தது.

சராசரியைப் பற்றிப் பேச வேண்டிய வாரம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. மலையிலிருந்து இறங்குகிற எல்லாருக்கும் வருகிற அதே காய்ச்சல்தான். மூன்று கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். ஞானமுத்து வாசலில் வந்து நின்று, "வெளியூர் யாவாரிக நாலஞ்சு பேரு வேற வந்திருக்காக. சாரு இப்புடிப் படுத்துட்டாகளே, என்ன செய்ய?" என்றார். உன் அம்மா உள்ளேயிருந்து, "அவுக எழுதிவச்ச தாளு இருக்குண்ணே. நா வேணா வந்து வாசிச்சிட்டுப் போறேன்" என்றாள். வாசிக்கத்தானே போகிறாள் என்று நானும் தலையை ஆட்டினேன். அவள் முதல் பக்கத்தை மட்டும் வாசித்தாளாம். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, ஹாலில் ஓரமாகக் கிடந்த ஏலக்காய் மூடையைக் காட்டி, ஒரு கை அள்ளிப் பார்த்து முழு மூடையையும் எப்படி மதிப்பது என்று பேச ஆரம்பித்தாளாம். மறுநாள் மருந்து கொடுக்க வந்தவர், பால் ஊற்ற வந்தவள், எல்லாரும் அதையேதான் பேசினார்கள். காய்ச்சல் தணிந்து நான் எழுந்து உட்கார்ந்தபோது ஞானமுத்து பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "சாரு நல்லா ஓய்வெடுங்க, அவசரமில்ல. வார ஞாயித்துக்கெழமையும் அம்மாவே பேசட்டும்னு எல்லாரும் சொல்றாக" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு வாயில் வைத்த பழம் கசந்தது.

அந்த இரண்டாவது பிரசங்கத்துக்கு நான் போனேன். கடைசிப் பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாலில் உட்கார இடமில்லை. பெண்கள்கூட ஒரு பக்கமாக வந்திருந்தார்கள். அவள் ஒரு தாம்பாளத்தில் தட்டாம்பயறு கொண்டுவந்திருந்தாள், மூன்று பங்கு வெள்ளை, ஒரு பங்கு கறுப்பு, நன்றாகக் கலந்தது. ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பயறு எடுக்கச் சொன்னாள். எத்தனை கறுப்பு வந்தது என்று கேட்டு, கரும்பலகையில் அந்த எண்ணுக்கு மேல் ஒரு கோடு போட்டாள். ஒருவருக்கு ஒன்று, ஒருவருக்கு நான்கு. தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒரு வியாபாரிக்கு ஆறு வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். நாற்பது பேர் எடுத்து முடித்தபோது கரும்பலகையில் கோடுகள் ஒரு குன்று மாதிரி எழும்பி நின்றன. இரண்டுக்கும் மூன்றுக்கும் மேலேதான் உச்சி. நான் பட்டப் படிப்பில் அந்த வளைகோட்டைப் பார்த்திருக்கிறேன், பரீட்சையில் வரைந்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஜனங்களின் கையிலிருந்து அது எழும்பி வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஒரு கை பொய் சொல்லும். அதுக்காகக் கோவிச்சுக்கிறக் கூடாது" என்றாள் அவள். "நாப்பது கையும் சேந்து பொய் சொல்றதுதே கஷ்டம்." அந்த ஆறு வாங்கிய வியாபாரி எழுந்து, "ஆத்தா, மூடைக்கு மேல நல்ல காயாப் போட்டு அடியில சொத்தைய வச்சிருந்தா?" என்று கேட்டார். "அப்ப நாப்பது கையும் ஒரே பொய்யச் சொல்லும். மூடைய அவுத்துக் கொட்டிக் கலக்காம யாரும் கையவிடாதீக." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பஜாரில் மூடைக்கு மேலே நல்ல காய் போடுகிறவர்கள் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

தம்பி, பொறாமை எப்படி இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருப்பாய். எனக்கு அது முதுகில் வந்தது. எல்லாரும் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் பெஞ்சில் பின்னால் ஒட்டிக்கொண்டு விறைத்துப்போய் இருந்தேன். கைதட்டியபோது என் கையும் தட்டியது, சத்தம் வராமல். கீழே இறங்கி வந்ததும் ஒரு சக வாத்தியார், "உங்க வீட்டில் பிரமாதமாகப் பேசினார்களே" என்றார். "நல்ல கூட்டம்தான். யாருக்கும் கணிதம் தெரியாது என்பது வேறு விஷயம்" என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே பேசினாள், மற்ற நாட்களில் வீட்டில் பயறு எண்ணிக்கொண்டே இருந்தாள். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, பத்துப் பத்தாக எடுத்து எழுதினாள், பிறகு நாற்பது நாற்பதாக எடுத்து எழுதினாள். இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என்னை நிறுத்தி, "எடுக்குறத நாலு மடங்கு ஆக்குனாத்தே தடுமாத்தம் பாதியாக் கொறையுது. ரெண்டு மடங்கு பத்தல. ஏன்னு தெரியல, ஆனா எத்தன தடவ பாத்தாலும் அப்புடித்தே வருது" என்றாள். அவள் முகம் அப்போது இருந்த மாதிரி எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் என் புத்தகத்தை எடுத்துவந்து, அந்த விதி இருக்கிற பக்கத்தைத் திறந்து காட்டினேன். "இது எந்தக் காலத்திலோ கண்டுபிடித்துவிட்டார்கள். இதற்கா இரண்டு மாதம் வீணாக்கினாய்?" அவளை மட்டம்தட்டத்தான் சொன்னேன். அவள் அந்த ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கத் தெரியாமல் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப நா எண்ணுனது சரியாத்தே வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது.

அந்தச் சமயத்தில்தான் மதுரைக் கல்லூரி ஒன்றில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் தன் உறவினர் வீட்டுக் காரியமாகப் போடிக்கு வந்து, தற்செயலாக அவள் பிரசங்கத்தைக் கேட்டார். மறுநாள் காலையில் நம் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் மதுரையில் கணித ஆசிரியர்களும் கல்லூரிக்காரர்களும் கூடுகிறார்கள், அங்கே உங்கள் மனைவி இதைப் பேச வேண்டும் என்றார். உன் அம்மா காப்பித் தம்ளர்களோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன் நான் பேசினேன். "அவள் எட்டாவதுதான். அதெல்லாம் அவளுக்குச் சரிப்படாது." தமிழிலேயே பேசலாம் என்றார் அவர். "வேண்டாம், நானே வருகிறேன். விஷயம் என்னுடையதுதான். அவள் என் குறிப்பை வைத்துச் சொன்னாள், அவ்வளவுதான்." அவள் தம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். பேராசிரியர் அவள் போன நிலைப்படியைப் பார்த்தார். பிறகு, சரி என்றார்.

அவள் சண்டை போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேனோ என்னவோ. போடவில்லை. நான் கிளம்புகிற அன்று தாள்களையெல்லாம் வரிசையாக அடுக்கி, பயறை ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள். "ஒண்ணு மட்டும் மறந்துறாதீக. கையவிடுறதுக்கு முன்னாடி கண்ண மூடச் சொல்லணும். இல்லேன்னா கை கறுப்பத் தேடும்." அப்போது போடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. யுத்தத்துக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது பிறகுதான். மதுரை வரைக்கும் அந்தப் பை என் மடியில் இருந்தது.

நான் பேசினேன். நூற்றைம்பது பேர் இருப்பார்கள், எல்லாரும் படித்தவர்கள். அவள் செய்த மாதிரியே செய்தேன், அவள் சொன்ன வாக்கியங்களையே கொஞ்சம் திருத்தமான தமிழில் சொன்னேன். குன்று எழும்பியது. கைதட்டினார்கள் தம்பி, எனக்கு வாழ்க்கையில் அப்படி ஒருமுறைதான் கைதட்டியிருக்கிறார்கள். ஒரு இளைஞர் எழுந்து, மூடை பெரிதானால் எடுக்கிற கையும் அதே விகிதத்தில் கூட வேண்டாமா, ஆயிரம் மூடைக்கும் நாற்பது கை போதுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆமாம், கூடத்தான் வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தேன். இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். பஜாரில் நடக்கும்போது தோன்றியது என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த அந்தப் பேராசிரியர் கையில் இருந்த நிகழ்ச்சித்தாளை மடித்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்புடி இருந்துச்சு? கைதட்டினாகளா?" என்பதுதான். அந்த முகத்தில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. தன் பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வந்த மாதிரி கேட்டாள். தட்டினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கைதட்டல் அவளுடையதாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. "ஒன்றும் எடுபடவில்லை. பாதிப்பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று சொன்னார்கள்" என்றேன். அவள் என் கையிலிருந்த பயறுப் பையை வாங்கிக்கொண்டாள். பிறகு, "நாந்தே தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். அம்புட்டுப் பேருக்கு முன்னாடி உங்க பேரக் கெடுத்துட்டேனே" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தினாள். அன்று சாயங்காலம் அந்தப் பயறை ஊறப்போட்டாள். மறுநாள் அதுதான் குழம்பு. நான் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக ஞானமுத்து வந்து கூப்பிட்டபோது, "இனிமே வேணாண்ணே, எனக்கு வராது" என்று உள்ளேயிருந்து சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். திரும்பவும் நானே பேசினேன். நாலாவது வாரம் ஐந்து பேர். பிறகு பிரசங்கம் நின்றுபோயிற்று.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ எம்.ஏ.யில் முதலாவதாக வந்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் அல்லவா, அன்றைக்குக்கூட உள்ளே ஒரு சின்ன முள் இருந்தது. எனக்குக் கிடைக்காத வாத்தியார்கள் இவனுக்குக் கிடைத்தார்கள் என்று. மகன்மேல்கூட வருமா என்று கேட்காதே, வரும். என்னிடமிருந்து உனக்கு மூக்கு வந்திருக்கிறது, கையெழுத்து வந்திருக்கிறது. இதுவும் வந்திருக்குமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தை எப்போதும்போல உன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் உன் கல்யாணத்துக்கு எடுத்த வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கமலாவைப் பற்றிய இடம் வந்ததும், "பிள்ள ஏன் இப்புடி எழுதியிருக்கான்? கூட்டம் வந்துச்சுங்குறான், ஆனா சந்தோசமாச் சொல்லலயே" என்றாள். பதினேழு வருஷமாக மறைத்துவைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் கேட்டாள்.

"கைதட்டினாகளா?"

"தட்டினார்கள்."

"ரொம்பவா?"

"ரொம்ப."

கடைசி வேட்டியையும் மடித்து மேலே வைத்தாள். "பதினேழு வருசமா நா எங்கன தப்புப் பண்ணேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள். "வேல செய்யும்போதெல்லாம் யோசிப்பேன். தப்பே ஆம்புடலியே, அதக் கண்டுபிடிக்கக்கூட நமக்குப் புத்தியில்லன்னு நெனச்சுக்கிட்டேன்." அவ்வளவுதான். அதோடு எழுந்து போனவள்தான், ஒன்பது நாள் பேசவில்லை.

முந்தாநாள் காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது வந்து நின்று, "அங்கன என்ன கேள்வி கேட்டாக?" என்றாள். மன்னிப்பைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மூடை பெரிதானால் கையும் கூட வேண்டுமா என்ற அந்த இளைஞரின் கேள்வியைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவள் அரைநாள் யோசித்திருப்பாள். மத்தியானம் சாப்பாடு போடும்போது, "நீங்க சொன்னது தப்பு" என்றாள். "முல்லையாத்துத் தண்ணிக்கும் ஒரு வாயிதே, நம்ம கெணத்துத் தண்ணிக்கும் ஒரு வாயிதே. ஆறு பெருசுன்னு ருசி பாக்க அண்டா அண்டாவாவா குடிக்கிறோம்? நல்லாக் கலந்திருந்தாப் போதும், மூடையோட பெருசு அம்புட்டாக் கணக்குல சேத்தியில்ல." நான் சாப்பிட்டுக்கொண்டே மனதில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

சாயங்காலம் ஞானமுத்து என்னைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. "அம்மா நேர்ல வந்து வார ஞாயித்துக்கெழம ஹாலு வேணும்னு கேட்டாக. சாரு சம்மதமான்னு கேட்டேன். 'அவுகளக் கேக்க வரலண்ணே, ஹாலு சும்மா இருக்கான்னு கேக்க வந்தேன்'னு சொல்லிட்டாக. நா என்ன சார் செய்ய?" என்றார். "ஹால் சும்மா இருக்கிறதா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். "அப்படியானால் கொடுத்துவிடுங்கள்." அவர் தயங்கி, அச்சடிக்கக் காகிதம் கிடைப்பதில்லை, அறிவிப்பைக் கையால்தான் எழுத வேண்டும், உங்கள் கையெழுத்து நன்றாக இருக்குமே என்றார். பன்னிரண்டு தாள் கொடுத்தார்.

இனி உனக்குப் புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். கமலா அடுத்த முறை பேசும்போது முன்வரிசையில் உட்கார். உண்மையாகவே உனக்குத் தெரியாத ஒன்றைக் கேள்வியாகக் கேள், தெரிந்ததைக் காட்டிக்கொள்ளக் கேட்காதே. வீட்டுக்கு வந்ததும் கூட்டம் கைதட்டியதை அவளிடம் அப்படியே சொல், ஒரு கைகூடக் குறைக்காமல். மனசில் எரிச்சல் தீர்ந்த பிறகு இதெல்லாம் செய்யலாம் என்று காத்திருக்காதே. நான் அப்படிக் காத்திருந்தவன். இதை எழுதும்போதுகூட உள்ளறையில் அவள் சுவரைப் பார்த்துப் பேசிப் பழகுகிற சத்தம் கேட்கிறது. நன்றாக இருக்கிறது, என்னால் அவ்வளவு எளிதாக ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. எரிந்துகொண்டிருக்கும்போதே அறிவிப்புகளை எழுதி முடித்தேன்.

முதல் தாளில் பழக்கத்தில் 'கணித ஆசிரியர் அவர்களின் மனைவி' என்று ஆரம்பித்துவிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மிச்சம் பதினொன்றிலும், ஞாயிறு மாலை ஐந்து மணி, வாசகசாலை ஹால் என்று எழுதி, அதற்குக் கீழே பெரிய எழுத்தில், பிரசங்கம் செய்பவர் ராமுத்தாய் என்று எழுதினேன். மை இப்போதுதான் காய்ந்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஆரம்பித்து ஒட்டிக்கொண்டு வர வேண்டும், பசையைக் கிண்டி வைத்திருக்கிறேன். கிளம்புகிறேன்.

அப்பா